கரண்ட் போனால் போனும் போகுமா? ஒரு வீட்டின் காப்பர் லைன் ஃபைபராக மாறிய நிகழ்வு ஆய்வு

என் பெரியம்மாவுக்கு 78 வயது. தனியாக இருக்கிறார். கூடத்தில் ஒரு போன், மாடி அறையில் அதே லைனிலிருந்து இழுத்த இன்னொரு போன், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அவசர அழைப்புப் பெட்டி. அவர் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அதை அழுத்தினால் பெட்டி தானாகவே லைனைப் பிடித்துக் கண்காணிப்பு மையத்துக்கு டயல் செய்யும். அங்கிருந்து எனக்குத் தகவல் வரும். இந்த மூன்றையும் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே ஒரு சோடிச் செம்புக் கம்பிதான் தாங்கி வந்தது.

போன வருடம் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். அந்த மாற்றத்தில் என்ன நடந்தது, எங்கே தவறினோம், அப்புறம் எதை அளந்து எப்படிச் சரிசெய்தோம் என்பதை நான் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து இங்கே தருகிறேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதே மாற்றம் வரப்போகிறது என்றால், எங்களுக்கு வந்த அந்த இரவு அவர்களுக்கு வராமல் போகட்டும்.

ஏன் மாற்றினோம்

மழை பெய்தால் லைனில் கரகரப்பு வரும். இரண்டு நாள் காய்ந்தால் தானே சரியாகிவிடும். இது செம்புக் கம்பிக்கு வயதாகிவிட்டதன் அடையாளம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை கம்பி ஒரே நீளமாக வருவதில்லை. வழியில் பல ஜாயின்ட்கள், தெருமுனைப் பெட்டிகள். அவற்றில் ஏதோ ஒன்றில் ஈரம் புகுந்தால் இரண்டு கம்பிகளுக்கும் இடையில் மின்சாரம் கசியும், கம்பியின் முனை அரிக்கும். லைன்மேன் வந்து ஒரு ஜாயின்டைச் சரிசெய்வார், அடுத்த மழையில் வேறொன்று கெடும்.

இதற்கு நடுவில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பகுதியின் காப்பர் லைன்களை எடுக்கப் போகிறோம், குறிப்பிட்ட தேதிக்குள் ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. எண் மாறாது, கட்டணம் கூடாது, இணையம் வேகமாகும் என்று மூன்று வரி. மின்தடை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். பழைய இணைப்பை நாங்களாக ரத்து செய்யவில்லை. எண் புதிய இணைப்புக்கு மாறியது உறுதியான பிறகுதான் பழையதை மூடச் சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு ரத்து செய்தால் எண் கையைவிட்டுப் போய்விடலாம். முப்பது வருடமாகச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது.

மாற்றிய நாள்

வந்த பையன் கெட்டிக்காரன். மெல்லிய கறுப்புக் கேபிளை வெளிச்சுவரில் வளைவுகளைப் பெரிதாக விட்டு இழுத்தான். ஃபைபரை இறுக்கி மடித்தால் உள்ளே போகும் ஒளி வெளியே கசிந்துவிடும். வீட்டுக்குள் இழுக்கவென்றே வந்திருக்கும் ஃபைபர் வகைகள் 7.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவதைத் தாங்கும். அதற்காகக் கதவிடுக்கில் நசுக்கலாம் என்று அர்த்தமில்லை.

கேபிளின் நுனியில் பச்சை நிறத் தலை. அதன் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். நீல நிறத் தலையின் முகத்தில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். அவன் கருவியில் வந்த ஒளி அளவு மைனஸ் 21 டிபிஎம். அதாவது ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி. இந்த வகை வலையமைப்பில் வீட்டுப் பெட்டி வழக்கமாக மைனஸ் 27 வரை படித்துக்கொள்ளும் என்பதால் 6 டெசிபெல் கையிருப்பு இருந்தது. இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் உதவும்.

ஒளியை மின்குறிப்பாக மாற்றும் பெட்டியை, ஓஎன்டி என்பார்கள், கூடத்துச் சுவரில் மாட்டினான். அதன் பின்னால் போனுக்கு ஒரு துளை. கூடத்துப் போனை அதில் சொருகி, கூப்பிட்டுக் காட்டினான். குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் கேட்டார்: "தம்பி, மாடி போன்ல சத்தமே வரலையே?"

"இனிமே போனை இந்தப் பெட்டியில சொருகினாத்தான் வேலை செய்யும்மா. வீட்டு ஒயரிங் எங்க வேலையில வராது."

அவசரப் பெட்டியை ஒரு நீளமான ஒயர் வைத்து அதே துளையில், ஒரு பிரிப்பானோடு சேர்த்தோம். பொத்தானை அழுத்திப் பார்த்தோம், மையத்தில் எடுத்தார்கள். ஒரே ஒரு தடவைதான் சோதித்தோம். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் இரவு

பலத்த மழை. இரவு 9.40க்குக் கரண்ட் போனது. நள்ளிரவுக்கு மேல் பெரியம்மா தண்ணீர் குடிக்க எழுந்தவர், தலை சுற்றிக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொத்தானை அழுத்தினார். பெட்டி விட்டுவிட்டு பீப் அடித்தது, அவ்வளவுதான். பெட்டிக்குள் பேட்டரி இருந்தது, பெட்டி உயிரோடுதான் இருந்தது. அது டயல் செய்ய லைன் இல்லை. கைபேசி சமையலறையில் சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன் கரண்ட் வந்தது. மறுபடி அழுத்தினார். எனக்கு 3.10க்கு அழைப்பு வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இடுப்பில் ஒரு சிராய்ப்பு தவிர வேறொன்றும் இல்லை.

"பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாமே பெரியம்மா?"

"அந்த மழைச் சத்தத்துல என் குரல் யாருக்குடா கேட்கும்? போன் இருக்குல்ல, அதை நம்பித்தானே இருந்தேன். கரண்ட் போனா போன் போகும்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த 48 வோல்ட்

பெரியம்மாவின் நம்பிக்கையில் தவறே இல்லை. செம்புக் கம்பி காலத்தில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. காரணம், போனுக்கு வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து வரவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசை இருக்கும். அதிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அதே சோடிக் கம்பி வழியாக வீட்டுக்கு வரும். ரிசீவரை எடுத்ததும் சில பத்து மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடும். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் ரிசீவர் எடுக்கப்பட்டதை எக்ஸ்சேஞ்ச் அறியும். மணி அடிக்க வேண்டும் என்றால் அதே கம்பியில் 75, 90 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் அனுப்பும். ஊர் முழுக்க இருட்டானாலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியும் அதற்குப் பின்னால் ஜெனரேட்டரும் இருந்தன.

அந்த 48 வோல்ட்டைக்கூட யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நேர்முனையைத் தரையோடு இணைத்து, கம்பியில் மைனஸ் 48 வரும்படி விட்டார்கள். ஈரம் பட்டால் நேர்முனையில் இருக்கும் உலோகம்தான் சீக்கிரம் அரிக்கும். கம்பியை எதிர்முனையாக வைத்தால் செம்பு கொஞ்சம் தப்பிக்கும். ஒரு கம்பி மண்ணுக்குள் ஐம்பது வருடம் கிடக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த வேலை அது. அந்த அக்கறையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆக, போனுக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு எக்ஸ்சேஞ்சை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது. ஃபைபர் என்றால் வேகம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். தனியாக இருக்கும் ஒரு வயதானவர் வீட்டில் நடக்கும் உண்மையான மாற்றம் இந்தப் பொறுப்பு கைமாறுவதுதான். அதை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போய்விட்டது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வீடு வரை ஃபைபரே போகும் வலையமைப்பில், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படும் எதுவும் இல்லை. ஓர் இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான், அதற்குக் கரண்ட் வேண்டாம். 20 கிலோமீட்டர் வரை இப்படியே போகும். அந்த முனையில் பேட்டரி இருக்கிறது. இந்த முனையிலும் வைத்துவிட்டால் லைன் உயிரோடு இருக்கும். தெருப்பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குக் காப்பர் என்று போகும் இணைப்பில் இந்த நிம்மதி இல்லை. தெருப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், நம் வீட்டில் பேட்டரி வைத்து அதைக் காப்பாற்ற முடியாது.

பேட்டரி: அளந்து பார்த்தது

மறுவாரம் ஒரு வாட் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஓஎன்டி பெட்டி வைஃபையோடு 9 வாட் இழுத்தது. வைஃபையை அணைத்தால் 6 வாட்.

முதலில் வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸைப் போட்டேன். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, கணக்குக்கு 84 வாட் மணி. ஒன்பது வாட்டுக்கு ஏழு மணி நேரமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 2 மணி 50 நிமிடம். பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை யூபிஎஸ் மாறுமின்சாரமாக உயர்த்துகிறது. பெட்டியின் அடாப்டர் அதை மறுபடி 12 வோல்ட் நேர்மின்சாரமாக இறக்குகிறது. இந்த ஏற்றி இறக்கும் வேலைக்கே, பெட்டி தின்பதைவிட அதிக மின்சாரம் போயிருக்கிறது.

இரண்டாவது, ரூட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ். உள்ளே நான்கு லித்தியம் செல்கள், சுமார் 38 வாட் மணி. நேராக 12 வோல்ட்டையே கொடுப்பதால் வீண் குறைவு. 3 மணி 20 நிமிடம் தாங்கியது. பாதிக்கும் குறைவான பேட்டரி, அதிக நேரம். ஆனால் அன்று கரண்ட் போனது ஐந்து மணி நேரத்துக்கு மேல்.

கடைசியில் வைத்தது 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதோடு, எப்போதும் சீராக 12 வோல்ட் மட்டும் வெளியே விடும் சார்ஜர் பலகை. இந்தச் சீர்படுத்தும் பகுதி முக்கியம். அந்தப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.6 வோல்ட் வரை ஏறும், 12 வோல்ட் பெட்டியை அதில் நேராகக் கட்டக் கூடாது. வைஃபையோடு 13 மணி 40 நிமிடம் ஓடியது.

கூடத்தில் இருந்த போன் கார்ட்லெஸ். அதன் தளத்துக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். ஓஎன்டி பெட்டிக்கு எத்தனை பேட்டரி வைத்தாலும் கார்ட்லெஸ் செத்துப்போகும். அதை எடுத்துவிட்டு, ஒயர் வைத்த சாதாரண போனை வைத்தோம். பலரும் தவறவிடும் இடம் இது.

வீட்டுக்குள் கிடந்த பழைய ஒயர்

மாடிப் போனுக்கு உயிர் கொடுப்பது எளிது. ஓஎன்டியின் போன் துளையிலிருந்து ஒரு சிறிய ஒயரைப் பக்கத்தில் இருக்கும் பழைய சாக்கெட்டில் சொருகிவிட்டால், வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயரிங் முழுவதும் புது லைனுக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். 49 வோல்ட் காட்டியது. எண் ஃபைபருக்கு மாறி இரண்டு வாரம் ஆகியும் எக்ஸ்சேஞ்ச் பக்கம் கம்பியை எடுக்கவில்லை. அப்படியே சொருகியிருந்தால் இரண்டு பக்கமும் மின்சாரம் மோதி, ஓஎன்டியின் போன் துளை பழுதாகியிருக்கலாம். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் சோடியைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றினேன். மறுபடி அளந்தேன், பூஜ்யம். அப்புறம்தான் சொருகினேன். அந்தக் கம்பியில் மணி அடிக்கும் நேரத்தில் கை வைத்தால் நன்றாகவே அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

மாடியில் இருப்பது பெரியப்பா காலத்துச் சுழற்றும் டயல் போன். ஒயர் கொடுத்ததும் அதன் மணி பழையபடி கணகணவென்று அடித்தது. பெரியம்மா கீழேயிருந்து கேட்டுக்கொண்டே நின்றார். ஆனால் அதிலிருந்து டயல் செய்ய முடியவில்லை. சுழலும் டயல், ஒவ்வோர் எண்ணுக்கும் லைன் மின்சாரத்தை அத்தனை தடவை துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும், வினாடிக்குச் சுமார் பத்து தடவை. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணும். எங்களுக்குக் கொடுத்த ஓஎன்டி எண்ணவில்லை. பட்டன் போனின் தொனி மட்டும்தான் அதற்குப் புரியும். அந்தப் போனை வரும் அழைப்பை எடுக்க மட்டும் என்று விட்டுவைத்தோம். பழைய மணி நிறையச் சக்தி இழுக்கும் என்பதால், இப்படிப்பட்ட போன்களை ஒரே துளையில் நாலைந்து கட்டினால் எதுவுமே சரியாக அடிக்காது. ஒன்றுக்குத் தாங்கியது.

அவசரப் பெட்டி

இதில்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த இரவில் லைன் இல்லை, சரி. லைன் இருக்கும்போதாவது அது நம்பகமாக வேலை செய்கிறதா என்று ஒரே நாளில் ஐந்து தடவை சோதித்தேன். மூன்று தடவை மையத்தில் சரியாகப் பதிவானது. இரண்டு தடவை அழைப்பு போனது, ஆனால் எந்த வீடு என்ற அடையாளம் அங்கே விளங்கவில்லை.

இப்படிப்பட்ட பெட்டி, தான் யார் என்பதை வேகமான தொனிகளாக அனுப்பும். செம்புக் கம்பியில் தொனி மின் அலையாகவே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரும். ஃபைபரில் குரல் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக உடைந்து போகிறது. ஒரு பொட்டலம் தாமதமானால் மனிதக் காது கவனிக்காது, நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். இயந்திரத்துக்குத் தொனியின் நீளம் மாறினாலே குழப்பம். எதிரொலியை அடக்கும் ஏற்பாடும், குரலைச் சுருக்கும் முறையும் மனிதப் பேச்சுக்காகச் செய்தவை. ஃபேக்ஸ், பழைய வகைத் திருட்டு அலாரம் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான்.

மையத்தோடு பேசி, சிம் கார்டு போட்டு மொபைல் வலையமைப்பில் தகவலைத் தரவாகவே அனுப்பும் பெட்டிக்கு மாறினோம். அதற்குள்ளேயே பேட்டரி உண்டு. மொபைல் டவரின் பேட்டரியும் நீண்ட மின்தடையில் தீர்ந்துவிடும் என்பதால் ஃபைபர் லைனை இரண்டாவது வழியாக வைத்திருக்கிறோம். ஒரே வழியை நம்பி மறுபடி இருக்கப் பெரியம்மாவுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

எங்களுக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 முடிவில் நிறுத்துவதாக இருந்தார்கள். 2023இல், லைன் மாற்றிய வீடுகளில் அவசரப் பொத்தான்கள் வேலை செய்யாமல்போன கடுமையான நிகழ்வுகள் வெளிவந்தன. அந்த டிசம்பரில், வாடிக்கையாளர் கேட்காமல் மாற்றுவதை நிறுவனங்கள் நிறுத்திவைத்தன, அப்புறம் கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய வழி தர வேண்டும் என்பது அங்கே ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டுதல்.

அமெரிக்காவில் 2015இல் வந்த விதிப்படி, நிறுவனம் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டியிருந்தது. 2019 முதல் 24 மணி நேரத்துக்கான வழியும் சேர்ந்தது. ஆனால் விரும்புபவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த விதியும் 2025 செப்டம்பரோடு காலாவதியாகும்படிதான் எழுதப்பட்டிருந்தது. 2012 சாண்டி புயலில் நியூயார்க்கின் ஃபயர் ஐலண்ட் தீவின் மேற்குப் பகுதியில் செம்புக் கேபிள்கள் நாசமாயின. வெரைசன் நிறுவனம் அதற்குப் பதில் மொபைல் அலையில் இயங்கும் வாய்ஸ் லிங்க் என்ற பெட்டியைக் கொடுக்க முனைந்தது. அதில் ஃபேக்ஸ் ஓடாது, அலாரம் ஓடாது, மருத்துவ அவசரப் பொத்தான் ஓடாது. மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2013 செப்டம்பரில் நிறுவனம் ஃபைபர் போடவே ஒப்புக்கொண்டது.

பிரிட்டனின் ஒரு மணி நேரம் போதாது என்றே எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் அன்று கரண்ட் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலான பிறகுதான் போன் தேவைப்பட்டது. ஒரு மணி நேரப் பேட்டரி அதற்கு வெகு முன்பே தீர்ந்திருக்கும்.

ஒரு வருடம் கழித்து

கரகரப்பு போயே போச்சு. மழை நாளிலும் குரல் அப்படியே இருக்கிறது. முன்பு இரண்டு தடவை இடியில் போன் கருகியிருக்கிறது. இப்போது தெருவிலிருந்து வரும் ஃபைபர் வழியாக அந்த மின்வீச்சு வர முடியாது. ஃபைபருக்கு நான் எதிரி இல்லை, இதையே மறுபடியும் தேர்ந்தெடுப்பேன்.

ஒரே ஒரு கோளாறு வந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஒளி வரவில்லை என்று அர்த்தம். வெளியே எலி கேபிளைக் கடித்திருந்தது. செம்பாக இருந்தால் முறுக்கி ஒட்டியிருக்கலாம். இதற்கு இழையை உருக்கி ஒட்டும் இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும். ஒன்றரை நாள் ஆனது. அந்த நேரம் சிம் போட்ட பெட்டிதான் காவல். ஒட்டிய பிறகு ஒளி அளவு மைனஸ் 21.4. குறித்துக்கொண்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரியம்மா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கூடத்துப் போனிலிருந்து என்னைக் கூப்பிடுவார். அப்புறம் பொத்தானை அழுத்துவார். மையத்திலிருந்து எனக்கு அடுத்த அழைப்பு வரும். போன மாதம் பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். அதற்குள் மணி அடித்தது. "பயந்துட்டியா? பேச்சு வாக்குல நேரம் போனதே தெரியலைடா," என்றார். பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார், அவர் வீட்டிலும் அடுத்த வாரம் லைன் மாற்ற வருகிறார்களாம். பேட்டரி அளவை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.